றைவர் பக்கத்துக் கண்ணாடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உடுப்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள் நான். வரிசையில் நிற்கிறவர் வாய் திறக்க முதலே அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு. பென்சன் எடுத்த பிறகு அந்த நினைப்பையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என் மனுசன் ஹயர் வான் ஓடியவர், வாடகை வாகன றைவர். பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள், சந்நிதி முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்துப் போகிற குடும்பங்கள், கொழும்புக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போவதென்றால் அவர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற மாமிமார் இருந்தார்கள். முப்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். வீட்டில் அவர் பேசுவது குறைவு. எனக்குச் சேர்த்து அவர் பேசாமல் இருக்கவும், அவருக்குச் சேர்த்து நான் பேசவும் என்று கடவுள் பங்கு பிரித்துத் தந்திருக்க வேண்டும்.

சாமான் இறக்குமதி இல்லாமல் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில்தான் அது நடந்தது. வல்லை வெளியில் முன்னால் கல் ஏற்றிப் போன ரிப்பர் லொறியில் இருந்து ஒரு கருங்கல் பறந்து வந்து வானின் முன்கண்ணாடியில் அடித்தது. ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைவரை வெடிப்பு ஓடிவிட்டது. நல்ல காலம், ஒருவருக்கும் காயமில்லை. கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: கண்ணூறு, நாவூறு பட்டிருந்தது, வந்த வினை கண்ணாடியோடு போய்விட்டது. நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கிழமையே மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன்.

கம்பனிக் கண்ணாடி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் வான் சும்மா நின்றது. கடைசியில் யாழ்ப்பாணம் போகிற வழியில் ஒரு கடையில், உள்ளூரில் செய்த கண்ணாடி ஒன்று அளவாக இருக்கிறது என்றார்கள். போய்ப் பூட்டினோம். ஏதும் குறை இருந்தால் ஒரு கிழமைக்குள், ஏழே நாளுக்குள், கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

வரும் வழியில் வீட்டுக்குத் திரும்பவிடாமல் நேரே தொண்டைமானாற்றுக்கு விடச் சொன்னேன். சந்நிதியில் பூசை செய்வித்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்து, புதுக் கண்ணாடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் நானே வைத்தேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எனக்கு மனம் நிறைந்த நாள் அது.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவாமல் நின்றார்.

"இஞ்சை பாரும், உந்தக் கண்ணாடியிலை ஏதோ பிழை இருக்கு. வல்லையிலை கரண்ட் போஸ்ட்டுகள் எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு வருது. எதிரை வாற வாகனம் கிட்டவோ தூரவோ எண்டு மட்டுக்கட்டேலாமல் கிடக்கு."

கடையில் குடுத்து மாற்றுவோமா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "பூசை வைச்ச சாமானைக் கழட்டிக் கொண்டுபோய்க் கடையிலை குடுக்கிறதோ? சந்நிதியானோடை விளையாடாதேங்கோ" என்றேன். பழைய கண்ணாடியோடு போன வினையை இந்தக் கண்ணாடியைக் கழட்டித் திரும்பக் கூப்பிடப் போகிறீர்களோ என்றும் கேட்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார்.

அடுத்த நாளே நான் வானில் ஏறி அவருக்குப் பக்கத்தில், இடது பக்கச் சீற்றில் இருந்து வல்லைவரை போய் வந்தேன். என் கண்ணுக்கு எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. போஸ்ட் நேர், ரோட்டு நேர், தண்ணீருக்குள் நின்ற கொக்குகூட நேராகத்தான் நின்றது. எங்கே நெளிகிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்குக்கு மேலால் விரலை நீட்டி, இந்த இடத்தில் என்றார். நான் இருந்த இடத்தில் இருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்கு வான் ஓடத் தெரியாது. றைவர் சீற்றில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. அதில் இருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை.

பிறகு சொன்னேன், என் நாக்கில் சனி இருந்த நேரம்:

"ஆடமாட்டாதவள் கூடம் கோணலெண்டாளாம். குறை கண்ணாடியிலை இல்லை. உங்கடை கண்ணிலை."

அவருக்குச் சலரோகம், சீனி வியாதி. அவருடைய தகப்பனுக்கும் அதே வருத்தம்தான். கடைசி நாலு வருடம் கண் தெரியாமல் சுவரைத் தடவித் தடவித் திரிந்தவர். கக்கூசுக்கு அவரைக் கூட்டிப் போனது என் மனுசன்தான். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. நான் கண்டும் காணாததுபோல் சந்திக் கடையில் பாண் வாங்க வேண்டும் என்றேன்.

கடைக்காரர் சொன்ன ஒரு கிழமை அப்படியே போய்விட்டது. மூன்றாம் கிழமை எனக்குச் சொல்லாமல் அவர் தனியாக அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். தவணை முடிந்துவிட்டது என்றார்களாம். அதோடு விட்டார்களா? ஐயா, எதற்கும் ஒருக்கால் கண்ணைக் காட்டுங்கள் என்றும் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது, அவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை என்று நான் சிரித்தேன்.

கண் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போனேன். டொக்டர் பெண்பிள்ளை வடிவாக, நேரமெடுத்துப் பார்த்துவிட்டு, சீனியால் கண்ணுக்கு இன்னும் பழுதில்லை, வயசுக்கு ஏற்ற மாதிரி புரை இலேசாகத் தொடங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்தால் வாருங்கள் என்றாள். அவ்வளவு நல்ல சேதியில் என் காதில் விழுந்தது புரை என்ற ஒரு சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டேன். காலையில் தேத்தண்ணியோடு ஒருக்கால், மாலையில் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருக்கால் என்று சொல்லிக்காட்டினேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவர் அம்மியைவிட இலேசான மனுசன்.

வானில் இருந்து இறங்கும்போது தலையிடி என்பார். சில நாள் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தார். அதையும் கண்ணின் கணக்கில்தான் போட்டேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், சைக்கிளில் வந்த ஒரு பிள்ளை கிட்ட வந்துவிட்டது என்று நினைத்துச் சடாரென்று பிறேக் அடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை அறுபது அடி தள்ளி, தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் வானை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வான் திறப்பைச் சாவிக்கொத்தோடு சாமி அறையில் வைத்தார். பிறகு எடுக்கவில்லை.

நான் வென்றுவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் குறைந்துகொண்டு போனார். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம் கேட்பார். சீனிக்குப் போடுகிற குளிசையை உள்ளங்கையில் வைத்து, வெள்ளையோ மஞ்சளோ என்று கேட்பார். தெரியாமல் அல்ல, சரிபார்க்க. ஹயர் கேட்டு வந்தவர்களிடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் கண் ஏலாது என்பார். சைக்கிளையும் விட்டார். கடைசியில் வானை விற்போம் என்று அவரேதான் சொன்னார்.

வாங்க வந்தவர் பருத்தித்துறை ஆள், மீன் ஏற்றி இறக்குகிறவர். மனுசன் பின்வளவில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விற்கிறதைப் பார்க்க மனமில்லாமல்தான் அங்கே போனார் என்று எனக்குத் தெரியும். வந்தவர் வானை எடுத்துச் சந்திவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார்.

"அக்கா, எஞ்சின் நல்லம். ஆனா உந்தக் கண்ணாடியோடை என்னெண்டு அண்ணை ஓடினவர்? றைவர் பக்கம் ரோட்டெல்லாம் நெளியுது. எனக்கே தலை சுத்துது."

நான் நம்பவில்லை. ஏறிப் பாருங்கள் என்றார். சேலையைத் தூக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சீற்றில் ஏறி இருந்தேன். எங்கள் வீட்டுக் கேற்றின் கம்பிகள் கழுவுகிற சட்டித் தண்ணீருக்குள் கிடக்கிற கரண்டி மாதிரி உடைந்து வளைந்து தெரிந்தன. தலையை அசைத்தேன். கம்பிகளும் அசைந்தன. கண்ணாடி வளைகிற இடத்தில் அதைச் சரியாக வார்க்கவில்லையாம், மற்றப் பக்கம் சுத்தமாம், தன்னுடைய பழைய வாகனத்திலும் இப்படி ஒன்று வந்ததாம் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன் என்று மட்டும்தான் மனம் அடித்துக்கொண்டது.

பின்வளவுக்குப் போய், வாங்க வந்தவர் சொன்னதைச் சொன்னேன். பிழை என்னில்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். நாற்பது வருடத்தில் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டது அந்த ஒருமுறைதான். அவர் குழாயைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அவன் என்னைத் தேற்ற உப்பிடிச் சொல்லுறான்" என்றார்.

இல்லை, நானே இருந்து பார்த்தேன் என்றேன்.

"முதல்லை நீர் சொல்லேக்கை நான் நம்பேல்லை. பிறகு நம்பிப்போட்டன். இனி என்ன செய்யிறது?"

வான் விற்கிறதில்லை என்று வந்தவரை அனுப்பப் பார்த்தேன். வான் கிடையாது என்றாலும் கோபிக்காத தங்கமான மனுசன் அவர். சாவகச்சேரியில் இடிபட்டுக் கிடந்த ஒரு வானில் இருந்து கம்பனிக் கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்து, தானே வானைக் கொண்டுபோய்ப் பூட்டுவித்துத் தந்தார். இந்தமுறை நான் கோவிலுக்குப் போகவில்லை. நேரே றைவர் சீற்றில் ஏறி இருந்து, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, கேற்றைப் பார்த்தேன். கம்பிகள் அசையவில்லை.

ஒரு கிழமை கெஞ்சினேன். ஒரு காலை, நல்ல வெயில் நேரம், என் ஆக்கினை தாங்காமல் திறப்பை எடுத்தார். நான் பக்கத்தில் ஏறினேன். ஸ்ராட் செய்து, கேற்றைத் தாண்டி, ஒழுங்கை ரோட்டில் ஏறுகிற இடத்தில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

"இறங்கிப் பாரும், ஏதும் வருதோ எண்டு."

இறங்கினேன். ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வாருங்கள் என்றேன்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம், வடிவாப் பாத்தன். வாங்கோ."

அவர் கண்ணாடிக்கு அங்காலே இருந்து என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். நான் காண்கிற அவ்வளவும் அவருக்கும் தெரிகிறது என்று எனக்குத் தெரியும்.

"நீர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பிறகு ரிவேர்ஸ் கியர் விழுகிற சத்தம் கேட்டது. வெறும் ரோட்டின் நடுவில் நின்று, வாங்கோ வாங்கோ என்று நான் கையைக் காட்டிக்கொண்டே நின்றேன்.