தாகம் தீர்ந்த பொறகு வாங்க

சாய்ந்தமருதுக்குப் போன சோடாப் பெட்டிகள் நிரம்பியபடியே கல்முனைக்குத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு மரணச் செய்தி தெரிந்தது. வண்டிக்காரர் இறங்காமலே சொன்னார்: "காக்கா மௌத்தாயிட்டாரு. கடைக்காரரெல்லாம் கடையப் பூட்டிட்டு அவர்ட ஊட்டுலதான் நிக்கிறாங்க." நான் அந்தப் பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சோடாவைக் குடித்த உங்களுக்கு நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்றழைத்த ஆதம்லெவ்வையின் சிரிப்பும் தெரிந்திருக்கும். அவர் மட்டக்களப்பில் ஒரு சோடாக் கம்பனியில் பல வருடம் வேலை செய்தவர். சொந்தமாக ஒரு மெசின் வாங்கும் ஆசை அவருக்கு வந்தபோது, நான் கிளாக்கர் வேலையை விட்டுவிட்டுக் கூட்டுச் சேர்ந்தேன். வட்டிக்கு வாங்குவது ஹராம் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஊராரிடம் பங்கு சேர்ப்பதுதான் வழி. லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு.

பங்கு கேட்டுப் போகும் வீடுகளில் நான் லாபத்தைத் தொடங்குமுன் அவர் நட்டத்தைச் சொல்லி முடித்துவிடுவார். "போத்தல் வெடிக்கும். மாரியில ஒரு மனிசனும் சோடா குடிக்க மாட்டான். எல்லாத்தையும் யோசிச்சிட்டுத் தாங்க." அவர்களும் யோசிப்பார்கள். நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வெறுங்கையோடு வருவோம்.

என் மனைவியின் தங்கக் காப்பை விற்றுத்தான் மெசினுக்கு முற்பணம் கட்டியிருந்தோம். மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முற்பணமும் போய்விடும்.

கடைசியில், சோடாவைக் குடிக்கக் கொடுத்தே பங்கு கேட்பது என்று முடிவு செய்தோம். காக்கா பழைய கம்பனியில் கேட்டு, தன் கையாலேயே இரண்டு பெட்டி சோடா செய்துகொண்டு வந்தார். நோன்புப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பணக்காரர் ஏழெட்டுப் பேரை அழைத்தோம். எல்லோரும் வந்தார்கள். ஒருவரும் போத்தலைத் தொடவில்லை. பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பு! சோடா ஓட்டத்தில் எங்கள் இருவருக்கும் அது நினைவிலேயே இல்லை.

"நோன்பாளியக் கூப்பிட்டு வெச்சு சோடா காட்டுறீங்களே, நல்ல துணிச்சல்தான்" என்றார் கரைவலை வைத்திருந்த மீராசாகிபு முதலாளி. எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "பிழை எங்கட. பொழுதுபட மகரிபுக்கு வாங்க, நோன்ப இங்கயே திறப்பம்."

போத்தல்களைச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். மகரிபு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு குளிர்ந்த சோடா. முதலாளி நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். "எனக்கு நாலு பங்கு எழுது!" மற்றவர்களும் இரண்டு, மூன்று என்றார்கள். நான் கணக்குக் கொப்பியை எடுக்கப் பாய்ந்தேன். காக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"நோன்பு திறக்கக்குள்ள பச்சைத் தண்ணியும் சர்பத்துத்தான். இப்ப எழுத வேணாம். ஆறு நோன்பும் முடியட்டும், தாகம் தீர்ந்த பொறகு வாங்க. அப்பயும் புடிச்சாப் பங்கு போடுங்க."

என் மனைவியின் காப்பு அந்த ஏப்பத்தோடு காற்றில் போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

நோன்பு முடிந்த மறுநாள் நல்ல உச்சி வெயிலில் முதலாளி வந்தார். சூடாகிக் கிடந்த சோடாவைக் குடித்து முகத்தைச் சுளித்தார். "சீனி கூடிப்போச்சு" என்றார். இன்னொரு போத்தலும் குடித்தார். பிறகு மடியை அவிழ்த்தார். "சோடா பரவாயில்ல. ஆனா, நீட்டின காச வேணாமெண்ட ஆள்ட கையில என்ட காசு பத்திரமா இரிக்கும்." சிலர் வரவே இல்லை. வந்தவர்களின் பங்கு மெசினுக்குப் போதுமாயிருந்தது. இரண்டாம் வருட லாபத்தில் புதுக் காப்பும் வந்தது.

இன்னொரு மெசின் வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாக நானும் காக்காவும் பங்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். ஜனாஸாவை அடக்கிவிட்டுத் திரும்பும்போது முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "காக்காட பேரால எட்டுப் பங்கு போடுறன். இப்பவே எழுது."

எட்டுப் பங்கு! அது போதும், மெசின் வந்துவிடும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "இப்ப வேணாம் முதலாளி. அழுகை ஓஞ்ச பொறகு வாங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அழுதேன்.

காக்கா விட்டுப் போனதில் எனக்குக் கிடைத்தது இந்தப் பேச்சுத்தான். பங்கு போட விரும்புகிறவர்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, உச்சி வெயிலில் வாருங்கள். சோடா சூடாகத்தான் இருக்கும்.