வரதன் மாமா ஊரை மூடிய நாள்

என் அக்கா ராஜாத்தியின் புருஷன் வரதன், ராயபுரம் துறைமுகத்தில் கப்பல் கரி சுமந்தவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் கரி போகாது. சாதுவான ஆள். கூலி வாங்கினால் நேரே வீட்டுக்கு வருவார், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் மலை. யாராவது வாய் தவறி மலை என்று சொல்லிவிட்டால் போதும், ஐயோ சாமி, சோறு ஆறிப் போகிற வரை பேசுவார்.

உலகச் சண்டைக் காலத்தில் அசாமுக்கு அந்தப் பக்கம், பர்மா எல்லையில் ரோடு போட மதராஸிலிருந்து ஆள் எடுத்தார்கள். மாமாவும் அவருடைய தோஸ்து ரஷீதும் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரயில், படகு, மறுபடி ரயில், அப்புறம் லாரி என்று போய் இறங்கிய இடம் நாகா மலை. திரும்பி வந்தவரிடம் எங்கள் சந்து கேட்ட முதல் கேள்வி, "எத்தினி பாம்பு பாத்தே நைனா?" என்பதுதான். நாகா என்றால் நாகம் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம். "பாம்பு இல்லபா, மன்சங்க, மன்சங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டது. அதற்குள் அவருக்கு மலைப்பாம்பு என்று பேரும் வைத்தாகிவிட்டது.

அங்கே ஊர் எல்லாம் மலை உச்சியில்தான் இருக்குமாம். முன்காலத்தில் ஊருக்கு ஊர் பகை. தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போகிற பகை. வருகிறவனைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும் என்று உச்சியில் வீடு கட்டிக்கொண்டார்கள். தண்ணீரோ கீழே ஓடும். பெண்கள் மூங்கில் குழாயில் நிரப்பி முதுகில் போட்டுக்கொண்டு ஏறுவார்களாம். "நம்ப கொயா சண்டைய அங்க போய் போட்டுப் பாரும்மே" என்று என்னைச் சீண்டுவார். தண்ணீர்க் குழாயடியில் நான் கொஞ்சம் பேர்போனவள், என்ன செய்ய.

மலையையே படிக்கட்டாக வெட்டி, படிக்குப் படி தண்ணீர் கட்டி நெல் போடுவார்களாம். ஊருக்கே விருந்து வைத்தவன் பேரில் ஆள் உயரக் கல் நட்டு வைப்பார்களாம். காலையில் கீழே பார்த்தால் மேகம்தான் தெரியும், ரோடு தெரியாது, நாம் வந்த வழியும் தெரியாது என்பார். அந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கிவிடும். அவருக்கு அந்த மலை பிடித்துப் போயிருந்தது, அவ்வளவுதான். எங்களுக்குத்தான் அது புரியவில்லை.

அவர் அடிக்கடி சொல்லுகிற கதை ஒன்று உண்டு. சண்டை அந்த மலைக்கு வருவதற்கு முந்தின வருஷம், மண் சரிந்து ரஷீதின் கால் முறிந்துவிட்டது. லாரி நிற்கிற இடத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு ஊரின் நடுவே புகுந்துதான் போக வேண்டும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பள்ளம். மாமா அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஊர் வாசலுக்கு வந்தார். பெரிய பலகைக் கதவு, அதில் மாட்டுத் தலை செதுக்கியிருந்தது. கதவின் மேலே பச்சை இலைக் கொத்து கட்டியிருந்தது. உள்ளே ஒரு சத்தம் இல்லை.

ராயபுரத்துக்காரன் வாசலில் இலைக் கொத்தைப் பார்த்தால் என்ன நினைப்பான்? ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதானே நினைப்பான்? மாமா அப்படியே நின்றுவிட்டார். "அம்மை போட்ட ஊருடா. உள்ள போவக் கூடாது" என்றார். ரஷீது வலியில் துடித்துக்கொண்டு, "அடப்பாவி, என் காலு போவுதுடா, உள்ள போடா" என்று கத்தி, உருதுவில் இருக்கிற வசவு அத்தனையும் வைதார். மாமா அசையவில்லை. ரஷீதைக் கீழே இறக்கி உட்கார வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பட்டாளத்தில் கொடுத்த உப்பு முடிச்சை அவிழ்த்து, வாசல் கல்லில் கொட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நம் ஆத்தா கோயிலில் உப்பும் மிளகும் போடுவோமே, அந்த நினைப்பு. மிளகுக்கு மலையில் எங்கே போவது?

பொழுது சாய்ந்ததும் கதவு திறந்தது. வெளியே வந்த ஒருவருக்கு இந்துஸ்தானி தெரிந்திருந்தது. அவர் சொன்னதை ரஷீது கேட்டு மாமாவுக்குச் சொன்னார். அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. நெல்லுக்காக ஊர் தன்னை மூடிக்கொள்கிற நாளாம் அது. யாரும் வயலுக்குப் போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. அதற்கு அடையாளம்தான் அந்த இலை. எத்தனையோ பட்டாளத்துக்காரர்கள் இலையைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே புகுந்திருக்கிறார்கள். "உனக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்று தெரியும். இருந்தாலும் நின்றாய்" என்று அந்த மனிதர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அந்த மலையில் உப்பு லேசில் கிடைக்காத பண்டம். ஒரு துளி விடாமல் கல்லிலிருந்து வழித்து எடுத்துக்கொண்டு போனார்களாம். பிறகு ரஷீதைப் பிரம்புக் கூடையில் உட்கார வைத்து, கூடையின் வாரை நெற்றியில் மாட்டி, மாற்றி மாற்றிச் சுமந்து லாரி வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். கால் பிழைத்தது. இன்றைக்கும் ரஷீது லேசாகச் சாய்ந்துதான் நடப்பார், ஆனால் இரண்டு காலில் நடக்கிறார்.

ஐம்பத்து மூன்றில் எங்கள் சந்துக்கே ஆபத்து வந்தது. எங்கள் குடிசைகள் இருந்த மண்ணை எண்ணெய்க் கிடங்குக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். காலி செய்யச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தது. நாங்கள் ஒரு வக்கீலைப் பிடித்தோம். திங்கட்கிழமை கோர்ட்டில் தடை கிடைத்துவிடும் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதி வந்தது: சனிக்கிழமை காலையில் கடப்பாரையோடு வருகிறார்கள். குடிசை விழுந்த பிறகு தடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கிடங்குக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். வேறென்ன முடியும்?

மாமா மட்டும் அழவில்லை. "நம்ப ஊர மூடிடலாம்" என்றார்.

"இன்னாது?"

"சந்து வாசல்ல வேப்பெல கட்டு. ரெண்டு நாளிக்கி எவனும் உள்ள வரக் கூடாது, நம்பளும் வெளிய போவக் கூடாது, வேலைக்கும்தான். சத்தமே வரக் கூடாது. மலைல அப்டித்தான்."

அக்காவுக்கு வந்ததே கோபம். "யோவ், ஆத்தா பேர்ல பொய் சொல்றியா? கண்ணு அவிஞ்சுடும்யா!"

"நான் எங்க அம்மைன்னு சொன்னேன்? ஊர மூடிகினோம்னு எல கட்றேன்."

"அப்போ முருங்க எல கட்டு!"

"முருங்க எலைய பாத்தா எவன்டி பயப்படுவான்? சாம்பாருக்குன்னு பறிச்சினு போய்டுவான்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அதற்குமேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சந்து முனையில் வேப்பங்கொத்தைத் தோரணமாகக் கட்டினோம்.

மறுநாள் கிடங்குக்காரரின் கணக்கப்பிள்ளை கடப்பாரைக் கூட்டத்தோடு வந்து நின்றான். சந்தில் ஈ காக்காய் சத்தம் இல்லை. நான் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா இலைக்கு இந்தப் பக்கம், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு?" என்று தூரத்திலிருந்தே கேட்டான் கணக்கப்பிள்ளை.

"ஊருக்கு" என்றார் மாமா.

"எந்த வூட்ல?"

"எல்லா வூட்லயும்தான்."

கூட்டத்தின் முன்னால் நின்ற கறுத்த ஆள் ஒருவர், "ஆத்தாடி!" என்று அலறி, கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் கைய வெக்க மாட்டேன் சாமி, எனுக்குப் புள்ள குட்டி கீது" என்று பின்வாங்கினார். அவர் போனதும் மற்றவர்களும் போனார்கள். தனியாளாகக் கணக்கப்பிள்ளை என்ன இடிப்பான்? சாயங்காலம் அந்த ஆள் மட்டும் திரும்ப வந்தார். இலைக்கு அடியில் ஒரு கை உப்பும் மிளகும் வைத்துவிட்டுப் போனார். மாமா அந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை தடை கிடைத்தது. அன்றைக்கே கார்ப்பரேஷன்காரர்களும் வந்து, இல்லாத அம்மைக்காக எங்கள் அத்தனை பேருக்கும் அம்மை குத்திவிட்டுப் போனார்கள். கை வீங்கியதுதான் மிச்சம்.

மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நம்பி உப்பு வைத்த ஆளை ஏமாற்றிவிட்டோமே என்று காசிமேடு முழுக்க விசாரித்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். பேர் பரசுராமன். படகுத் துறையில், ஒரு கோணிப் படுதாவுக்குக் கீழே சட்டி பானையோடு உட்கார்ந்திருந்தாராம்.

"என்னை மன்னிச்சிடு நைனா. எங்க சந்துல அம்மை இல்ல" என்றார் மாமா.

"தெரியும்பா" என்றார் பரசுராமன். "அம்மை போட்ட வூட்ல யாராச்சும் கருவாடு வறுப்பாங்களா? வாசன தூக்கினு போச்சே."

அந்தக் கருவாட்டை வறுத்தது யார் என்று இன்று வரை சந்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் பார்க்க வேண்டாம்.

"தெரிஞ்சுமா கடப்பாரைய போட்டே? உப்பு வேற வெச்சியே?"

"கணக்கப்புள்ள டீக்கடைல ஒக்காந்து பாத்துகினே இருந்தான். அவன் நம்பணும்ல?" பரசுராமன் தன் படுதாவைக் காட்டினாராம். "போன வருஷம் என் வூட்ட இடிச்சாங்கோ. எனுக்கு அன்னிக்கி எல கட்டணும்னு தோணலயே, நைனா."

மாமா அவருடைய சட்டி பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் குழாயடியில் நின்றிருந்தேன். பானையைச் சுமந்துகொண்டு மாமா முன்னால் வர, பெண்டாட்டி பிள்ளைகளோடு பரசுராமன் பின்னால் வந்தார். சந்து முனையில் காய்ந்துபோன வேப்பங்கொத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பரசுராமன் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஊர் தொறந்துதான் கீது, உள்ள வா" என்றார் மாமா.