கண்ணாடிப் புழு தின்ற அறிக்கை

நாத்தனாரைப் பற்றி நல்லவிதமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். என் கணவரின் அக்கா அவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே அலுவலகத்துக்குப் போகிறோம். இதை எழுத என்னைவிட உரிமை உள்ளவர் வேறு யார்?

எங்கள் அலுவலகம் ஒரு தண்ணீர் ஆய்வுக்கூடம். ஏரி, குளம், கால்வாய் என்று எங்கிருந்தோ புட்டிகள் வரும். அந்தத் தண்ணீரில் மிதந்து வாழும் பொடிப்பொடி உயிர்களை நுண்நோக்கியில் பார்த்து எண்ணுவது அண்ணியின் வேலை. அவர் தரும் எண்களை அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் வேலை. அண்ணியின் இடது கையில் எப்போதும் ஒரு எண்ணும் கருவி இருக்கும். ஓர் உயிர் கண்ணில் பட்டால் கட்டைவிரலால் ஒரு 'டிக்'. இருபத்தாறு வருஷம் அழுத்தி அழுத்தி அந்த விரலே காய்த்துப்போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் 'மீட்டர் அக்கா'. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டால் மேசைக்கு அடியில் 'டிக்' என்று கேட்கும்.

அவர் எண்ணியதை மறுபடி எண்ணச் சொல்லி இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் அவருக்கு இருக்கும் தலைக்கனத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய சதுப்பு இருக்கிறது. பஞ்சு மாதிரியான பாசி செத்து, மக்கிப்போகாமல், ஆயிரக்கணக்கான வருஷமாக அடுக்கடுக்காகப் படிந்து ஆள் உயரத்துக்கு மேல் கிடக்கிறது. வெட்டிக் காயவைத்தால் எரியும், தொட்டிச் செடிக்கும் போடலாம். அதனால் வெட்டுவதற்கு ஆட்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். சதுப்பின் நடுவே பதினொரு குட்டைகள். புளிப்பேறிய பழுப்புத் தண்ணீர், ஒரு மீன் கூடக் கிடையாது. குட்டைகளில் விலங்குயிர் எதுவும் இல்லை என்று மூன்று அறிக்கை வந்துவிட்டால் தண்ணீரை வடித்துவிட்டு வெட்டலாம் என்பது ஏற்பாடு. இரண்டு அறிக்கை போயாகிவிட்டது. நுண்பாசிகள் உண்டு, விலங்குயிர்கள் 'இல்லை' என்று இரண்டு முறையும் அண்ணி எழுதினார். இரண்டு முறையும் நான்தான் தட்டினேன். கீழே அவருடைய கையெழுத்து. மூன்றாவது அறிக்கை திங்கட்கிழமை மாலைக்குள் போக வேண்டும், போகாவிட்டால் முந்தின இரண்டை வைத்தே வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வடிகால் வெட்டும் இயந்திரம் சதுப்பின் ஓரத்திலேயே வந்து நின்றுவிட்டது.

திங்கட்கிழமை காலை அவரை அவசரப்படுத்தப் போனேன். அண்ணி கடுகடுவென்று நின்றிருந்தார். பாசித் தும்பு, குப்பை எல்லாம் போக முதலில் பெரிய கண் சல்லடையில் வடிகட்டிவிட்டுத்தான் எண்ண ஆரம்பிப்பார். அந்தச் சல்லடையை யாரோ கழுவ எடுத்துப்போய்விட்டார்கள். வேறு வேலை இல்லாமல் புட்டியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, எடுத்தவரின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். திட்டு பாதியில் நின்றது.

"ஏய், இங்க வா! இது ஆடுது!"

"எது அண்ணி?"

"நாலு புள்ளி பாரு. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. நடுவுல ஒண்ணுமே இல்ல. ஆனா சேர்ந்து ஆடுது!"

பார்த்தேன். விரற்கடை நீளத்தில் கண்ணாடியால் செய்த மாதிரி ஒரு புழு. உடம்பு தண்ணீரோடு தண்ணீராக மறைந்து, உள்ளே இருந்த நான்கு கறுத்த காற்றுப் பைகள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னும் மூன்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணிக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"மருந்து ஊத்தின தண்ணியில எதுடி ஆடும்?"

அவர் சொன்ன மருந்து அயோடின். குட்டைக்கரையிலேயே புட்டியில் விட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அந்த நிமிஷமே அப்படியப்படியே நின்றுவிடும். தண்ணீர் எடுத்து வரும் புட்டிக்காரரைக் கையோடு கூப்பிட்டு வரச் சொன்னார். நாற்பது வயசு, பெரிய மீசை, அண்ணியைக் கண்டால் மட்டும் நடுக்கம்.

"இதுல மருந்து விட்டியா?"

"விதிப்படிதாங்க்கா. தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வர்ற வரைக்கும் சொட்டு சொட்டா விடணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா. எத்தனை சொட்டு விட்ட?"

புட்டிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "அது... அந்தக் குட்டைத் தண்ணி எடுக்கும்போதே தேத்தண்ணி மாதிரிதானேக்கா இருக்கு."

ஒரு சொட்டு கூட விடவில்லை. அவரை எப்படித் திட்டுவது? புட்டியின் நிறத்தைப் பார்த்து, மருந்து இருக்கிறது என்று அண்ணியும் மூன்று முறை நம்பியிருக்கிறாரே. அப்போதே எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வலையால் அரித்து அடைத்த புட்டி, முறை வரும்வரை இரண்டு நாள் அலமாரியில் இருக்கும். புழுக்கள் உயிரோடு இருந்து, கூட இருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டன. பிறகு சல்லடையில் குப்பையோடு குப்பையாக மாட்டி, கழுவு தொட்டியில் போய்விட்டன. மிச்சம் இருந்த வெறும் தண்ணீரைத்தான் அண்ணி கண் வலிக்க வலிக்கப் பார்த்து 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்.

"சாப்பிட்டவனைத் தூக்கி வெளியில போட்டுட்டு, காலித் தட்டைப் பார்த்து இந்த வீட்ல ஆளே இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு புழுவை நுண்நோக்கியின் கீழ் வைத்தார். உடம்புதான் கண்ணாடியாயிற்றே, தொண்டைக்குள் திணித்து வைத்திருந்தது அத்தனையும் தெரிந்தது. டிக். டிக். டிக். "ரெண்டு தண்ணிப்பூச்சி... ஓட்டோட ஒரு சக்கரப்பூச்சி... இன்னொண்ணு... ஏய், எழுதிக்கோ!" அந்த ஒரு தொண்டைக்குள் மட்டும் பதினாலு.

இயக்குநரின் அறைக்கு ஓடினோம். நல்ல மனுஷர்தான், ஆனால் விதி என்றால் விதி.

"மருந்து விடாத புட்டி செல்லாதும்மா. அதுல ஆடுற புழுவையும் அது தொண்டையில இருக்கறதையும் எண்ணிக்கையில சேர்க்க முடியாது. புதுசா தண்ணி எடுங்க. நாளைக்கு ஒரு நாள் இயந்திரத்தை நிறுத்தச் சொல்றேன். ஆனா முந்தின ரெண்டு அறிக்கையும் தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் நான் நிறுத்த முடியும்." கொஞ்சம் தயங்கினார். "எழுதிக் குடுத்தா, இன்னும் ஒரு வருஷத்துக்கு நீங்க எண்ணுற ஒவ்வொண்ணையும் வேறொருத்தர் மறுபடி எண்ணுவாங்க. தெரியுமில்ல?"

இந்த மனுஷியிடம் அந்த ஒரு பெருமையைத் தவிர வேறென்ன இருக்கிறது? தப்பு புட்டிக்காரருடையது என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது, யாரும் கேட்கப்போவதில்லை. நான் மெதுவாக முழங்கையால் இடித்தேன்.

"சும்மா இரு," என்றார் அண்ணி. மேசையில் இருந்த காகிதத்தை இழுத்து நின்றபடியே எழுதினார். 'இரண்டு அறிக்கைகளும் தவறு. மருந்து கலந்திருக்கிறதா என்று சோதிக்காமல் எண்ணியது நான்.' பெயரை முழுசாக எழுதினார்.

ஜீப்பில் சதுப்புக்குப் போகும் வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "மீன் இல்லாத குட்டை, அதனால இவன்தான் அங்க ராஜா. பழுப்புத் தண்ணியில கரைஞ்சு கிடக்கறதைக் கிருமி தின்னும். கிருமியைச் சக்கரப்பூச்சி தின்னும். அதை இவன் தின்னுவான், இவனைத் தும்பிக்குஞ்சு தின்னும். தப்பிச்சவனுக்கு ரெக்கை முளைச்சுப் பறந்தா பறவை கொத்திக்கிட்டுப் போகும். ஒரு ஊரே உள்ள இருக்குடி! நாம அதை மூடப் பார்த்தோமே!" புட்டிக்காரர் பின்சீட்டில் மருந்துப் புட்டியைக் குழந்தையை வைத்திருப்பது போல் மடியில் வைத்திருந்தார். இயந்திரத்தின் ஓட்டுநர் நிழலில் படுத்திருந்தவர், மூன்று பேர் சகதியில் விழுந்தடித்து ஓடுவதைப் பார்த்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். குட்டைக்கரையில் அண்ணி முட்டி போட்டார். இந்த முறை நிறத்தைப் பார்க்கவில்லை. அளவுக் குழாயில் அளந்து தன் கையாலேயே மருந்து விட்டார்.

செவ்வாய் காலை நான் என் இடத்துக்கே போகவில்லை. பதினொரு குட்டைகளில் முதல் குட்டையின் தண்ணீரை அவர் தட்டில் ஊற்றியதும் டிக் சத்தம் ஆரம்பித்தது. முதலில் ஒவ்வொன்றாக, அப்புறம் மூச்சு விடாமல். நூறு தாண்டியபோது புட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானூறு தாண்டியபோது நான் கை தட்டிவிட்டேன், திட்டு வாங்கினேன். நானூற்றுப் பதினேழில் சத்தம் நின்றது. இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் பேசி இயந்திரத்தைத் திரும்பிப் போகச் சொன்னார்.

அதற்கப்புறம்தான் நான் பயந்த நேரம் வந்தது. விதிப்படி அதே தட்டைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் எண்ணி முடிக்கும்வரை அண்ணி கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்தப் பெண் வெளியே வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நானூத்திப் பத்தொன்பது வருதுக்கா. நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்."

அண்ணி எழுந்து உள்ளே போனார். அந்தப் பெண் காட்டிய இடத்தில் நுண்நோக்கியை நகர்த்தி நகர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அழுத்தினார். டிக். இன்னும் ஒரு டிக்.

"இன்னும் ரெண்டு உசுரு இருக்குடி!" என்று என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாசிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. திருத்தி அடி."