புத்தகத்தில் இல்லாத புல்வெளி

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வாத்தியாராக இருந்தேன். ஒரே கூடம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்புப் பூமிசாத்திரத்தில் உள்நாட்டுப் புல்வெளிகள் என்று ஒரு பாடம். கடலுக்கு வெகு தூரம், மழை குறைவு, மரம் கிடையாது, கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டை நிலம். வட அமெரிக்காவில் பிரேரி, ரஷ்யாவில் ஸ்டெப்பி, ஆர்ஜென்டினாவில் பம்பாஸ்.

நான் ஒரு சமவெளியையும் கண்டதில்லை. எங்கள் தோட்டத்தில் பந்து கைதவறினால் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் பிள்ளைகளை அடித்து உருப்போட வைத்தேன். தாங்கள் எந்த நாட்டுப் பிரஜைகள் என்று சட்டம் சொல்ல மறுத்த பிள்ளைகள், ஸ்டெப்பியில் யார் குதிரை மேய்க்கிறார்கள் என்பதைத் தூக்கத்திலும் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டு, டை, காலில் பளபளக்கும் சப்பாத்து. பிள்ளைகள் ஒப்பித்ததில் அவருக்குப் பரம திருப்தி.

"உங்களிலை ஆராவது புல்வெளியைக் கண்ணாலை கண்டிருக்கிறியளோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றது வகுப்பு. நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

அவருக்குத் தேநீர் கொண்டுவந்திருந்தவள் ஒரு மாணவியின் தாய். துரை பங்களா மாடுகளுக்குப் புல் அறுப்பது அவள் வேலை. கோப்பையை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே, தேயிலை முடிந்த இடத்திலிருந்து மேடும் பள்ளமுமாகப் புல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதைப் பத்தனை என்போம்.

"அப்ப அது என்னாங்க? நா தெனம் அதுலதான அறுக்கிறேன்?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "உது பத்தனை. புல்வெளி எண்டால் சமமா இருக்கவேணும், மழை குறைவா இருக்கவேணும். இஞ்சை மழை விடுறதே இல்லை. அப்ப ஏன் மரம் இல்லை, சொல்லும் பாப்பம்?"

"காஞ்ச மாசத்துல மாட்டுக்காரங்க நெருப்பு வச்சிருவாங்க ஐயா, எளம் புல்லு வரட்டும்னு. மரக்கன்னு எல்லாம் கருகிப் போயிரும். அந்தச் செவப்புப் பூ மரம் ஒண்ணுதான் தாங்கி நிக்கும்."

இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இது தெரியாது. அவருக்கும் தெரியாது என்பது அவர் முகம் சிவந்ததில் தெரிந்தது.

"வாருங்கோ, சமவெளி எண்டால் என்னெண்டு காட்டுறன்" என்று எல்லாரையும் வெளியே கிளப்பினார். மேட்டுக்கு மேடு என் பிரம்பை நீட்டி, "இது சமமோ? இது சமமோ?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். அடியில் பச்சைப் பசேலென்று ஒரு தட்டைத் துண்டு தெரிந்தது.

"ஐயா, அங்க போவாதீங்க, சேறுங்க!" என்று கத்தினாள் அவள்.

"எனக்குத் தெரியும்" என்றவர் முழங்கால் வரை உள்ளே போனார்.

இடுப்பில் சுற்றியிருந்த புல்லுக்கட்டுக் கயிற்றை வீசி அவள்தான் இழுத்தாள். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வேலையை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மறுமாதம் அறிக்கை வந்தது. பூமிசாத்திரம் திருப்தியாம், ஆசிரியர் பாடப்புத்தகத்துக்கு வெளியே போவதை மட்டும் தவிர்க்க வேண்டுமாம். வெளியே கூட்டிப்போனது யார் என்று அதில் இல்லை.

வருட முடிவுச் சோதனையில் இரண்டு புல்வெளிகளின் பெயர் கேட்டிருந்தேன். அவள் மகள் 'பிரேரி, பத்தனை' என்று எழுதியிருந்தாள். சரியென்று எனக்குத் தெரியும். அடுத்த முறை வருகிற இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டுவார் என்பதும் தெரியும். பத்தனையையும் அதற்குரிய புள்ளியையும் சிவப்பு மையால் வெட்டினேன்.

மறுநாள் தாளோடு தாய் வந்தாள். "ஏன் வாத்தியாரய்யா, இது தப்புங்களா?"

"புத்தகத்துல இல்லம்மா."

"நீங்களும்தான நின்னு பாத்தீங்க?"

நான் தாளைப் பார்த்தேன். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள். வெட்டிய புள்ளியை நான் திருத்தவே இல்லை.