மாமன் வீட்டுக்கு முதல் குடம்

என் தாய்மாமனை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. செத்துப்போனவரைத் திட்டாதே என்கிறாள் என் மகள். நான் திட்டத்தான் செய்வேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மதராஸ் பக்கம் என்று எல்லோரும் அடித்துக்கொண்டிருந்த சமயம். திருப்பதியை விரிவாக்கத் திட்டம் போடும் ஆபீசில் மாமனுக்கு வேலை. ஒருநாள், கூப்பிடு தூரத்திலிருந்த எங்கள் கிராமத்துக்கு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"மலைக்கு வர்ற ஜனம் பெருகிக்கினே போவுது மாமா," என்றார் நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம். "இன்னும் அம்பது வருசத்துக்கு ஊடு கட்ட எடம் பாக்கணும். ஊர் மேட்டை மட்டும் குடுங்க, போதும்."

"ஏரி?" என்றார் நைனா.

"ஏரில ஒரு கூடை மண்ணு வுழுந்தா என்னைக் கேளுங்க."

வெளியே வந்து மலையைப் பார்த்துக் கைகூப்பிச் சத்தியமும் செய்தார். எங்கள் பக்கத்தில் மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்குமேல் காகிதம் கேட்பது அவமரியாதை. எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்ற பக்கத்து வீட்டுக்காரர்மேல் நைனா எரிந்து விழுந்தார். மச்சானிடம் எழுதி வாங்குவதா? நைனாவை நம்பி ஊரே தலையாட்டியது.

மேட்டில் வீடுகள் எழும்பின. அடுத்த கோடையில் ஏரிக்குள் வண்டி வண்டியாக மண் இறங்கியது. நைனா ஆபீசுக்கு ஓடினார். எங்களிடம் தமிழைத் தவிர வேறு பேசாத மனுஷன், நாலு பேர் முன்னால் தலை நிமிராமல், "ரேப்பு ரண்டி" என்றாராம். நாளைக்கு வாங்க! நைனாவுக்கும் தெலுங்கு தெரியும். ஆனால் யாரோ வழிப்போக்கனிடம் பேசுவதுபோல் மச்சான் பேசியதை அவரால் தாங்க முடியவில்லை. அவரை நம்பித் தலையாட்டிய ஊரில் யாரும் நைனாவுக்கு முகம் கொடுக்கவில்லை. ஏரி மூடியதும் எங்கள் கிணறும் வற்றத் தொடங்கியது. நெல் போடுவதை நிறுத்தினோம்.

மூடிய அந்த ஏரியிலேயே மாமன் தனக்கொரு வீடு கட்டினார். கூச்சமே இல்லாமல் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கவும் வந்தார். புது வீட்டுக்குள் முதல் குடம் தண்ணீரைக் கூடப்பிறந்தவள்தான் எடுத்துப் போக வேண்டும். அது எங்கள் வழக்கம்.

"உங்க கெணத்துத் தண்ணியே எடுத்துக்கினு வாக்கா. தேனாட்டம் இருக்கும்."

அம்மா சரியென்று தலையாட்டினாள். "சொரணை இருக்குதா உனக்கு?" என்று அவள்மேல் கத்தினேன். அவள் குடத்தைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

கிரகப்பிரவேசத்தன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிணற்றில் வாளியை விட்டாள். அடியில் இடித்தது. வந்ததைக் குடத்தில் ஊற்றினாள், மறுபடியும் விட்டாள். குடம் நிறைந்ததும் மஞ்சள் பூசி, பூச்சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் மாமன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். முழுக்கச் சேறு.

"இன்னாக்கா இது?"

"நீ கேட்ட தண்ணிதான்டா," என்றாள் அம்மா. "எங்க கெணத்துல இப்ப இதான் ஊறுது."

குடத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.