மிதுனம் முப்பத்திரண்டாம் தேதி வராத வேன்

தொண்ணூத்தொம்பதுல நடந்ததாக்கும். பாறசாலையில ஒரு முதலாளிக்க வேனை ஓட்டிட்டிருந்தேன். எட்டாம் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமப் போச்சு.

எனக்க கூட்டுகாரன் ஒருத்தன் நெய்யாற்றின்கரையில ஜாவா படிச்சிட்டு, வேன் புக் பண்ண கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் செஞ்சு முதலாளிக்குக் குடுத்தான். நம்ம ஆளுவளுக்கு வசதியா இருக்கட்டும்னு மலையாள மாசத்தையும் நாளையும் அமுக்கினாப் போதும். உள்ள போய் இங்கிலீஷ் தேதியா மாறிரும். மிதுனம்னா தமிழ்ல ஆனி, ஜூன் பாதியில தொடங்கி ஜூலை பாதியில முடியும். அதுக்கு நேரா அந்தப் பய மொத்தமா ஜூலைன்னு போட்டு வச்சது யாருக்கும் தெரியாது.

ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து மிதுனம் முப்பத்திரண்டுன்னு பதிஞ்சிட்டுப் போனாரு. எனக்கு வந்த புக்கிங் பேப்பர்ல ஆகஸ்ட் ஒண்ணு. அது கர்க்கடகமாக்கும், தமிழ்ல ஆடி. அதுல எவனாவது கல்யாணம் வைப்பானா? “பெண்ணு ஓடிரும்னு பயம் போல”ன்னு சொல்லிச் சிரிச்சேன். அதோட விட்டாச்சு.

ஜூலை நடுவில ஒரு வெள்ளிக்கிழமை காலையில சாயா குடிச்சிட்டு நிக்கேன். பெண்ணுக்க அண்ணன் சைக்கிள்ல வேர்த்து விறுவிறுத்து வாறான்.

“எலே, வண்டி எங்கலே?”

“அடுத்த மாசமில்லா கல்யாணம்?”

“நீ எந்தா ஈ பறயுன்னது, அடுத்த மாசமா? இன்னைக்குத்தான் மிதுனம் முப்பத்திரண்டு! பத்தரைக்கு பாலராமபுரத்துல தாலிகெட்டு. நாளைக்குக் கர்க்கடகம் பிறந்தா பின்ன ஒரு மாசத்துக்கு முகூர்த்தம் உண்டாலே?”

பேப்பரை எடுத்துப் பாத்தேன். திருப்பிப் போட்டும் பாத்தேன். அவனுக்குக் கிறுக்கா, எனக்குக் கிறுக்கா, பேப்பருக்குக் கிறுக்கான்னு ஒண்ணும் பிடிகிடைக்கல. சாயாவை வச்சிட்டு ஓடினேன்.

பெண்வீட்டு ஆளுவளை வேன்ல ஏத்திட்டு விரட்டினேன். எனக்க பின்னாடி பூவும் நகையுமா இருந்த பெண்ணு கேட்டா: “அண்ணா, ஆகஸ்டுக்குள்ள கொண்டு விடுவியளா?” வாய்க்காரன் நான் அன்னைக்கு ஆக்ஸிலேட்டரை மட்டும் மிதிச்சேன். மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போ நாயனக்காரன் நாதஸ்வரத்தைத் துடைச்சு உறையில போடப் போறான். எங்களைக் கண்டதும் அப்படியே வாயில வச்சான். தாலி ஏறிச்சு.

சாயங்காலம் கூட்டுகாரனைப் பிடிச்சேன். அவன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்தான். பின்ன சொன்னான்: “நான் மிதுனத்தை ஜூலைன்னு போட்டதுல அது ஜூலை முப்பத்திரண்டு ஆயிட்டு. ஜூலையில ஏது மக்கா முப்பத்திரண்டு? மிச்சம் வந்த ஒரு நாளை அது ஆகஸ்டுல சேத்திட்டு. கண்டிப்பாப் பாக்கணும்னு நாம சொல்லி வைக்கலேன்னா ஜாவா ஒண்ணும் கேக்காது.”

“இப்படி ஒரு தேதி கெடையாதுன்னு சொல்லாண்டாமாலே அந்த மிசின்?”

“கர்க்கடகத்துல கல்யாணம்னு கண்டியே, நீ சொன்னியாலே?”

இப்பவும் ஊரைக் கிண்டலடிச்சுத்தான் நடக்கேன். ஆனா ஒரு காரியம் பொருந்தலேன்னு தோணிச்சுன்னா, சிரிச்சு முடிஞ்சதும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுப்போடுவேன்.