தம்பியை விழுங்கிய வாய்

உத்தரத்துக் கொக்கியிலிருந்து அம்மாவின் பழைய சேலையை அத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டிலில்தான் தம்பி தூங்குவான். முந்தின நாள்தான் அவனைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. சேலையை மடித்துக்கொண்டே அத்தை என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஒன் வாய்தாம்ட்டி அவன முழுங்கிட்டு."

அத்தை அப்பாவின் அக்கா. பிள்ளை இல்லை; புருஷனும் போன பிறகு சங்கரன்கோவிலுக்கே வந்து எங்கள் வீட்டோடு இருந்துகொண்டாள். அவள் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்கு முந்தின வாரம், அம்மா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு அவனைத் தூக்கியபோது, "நீ செத்துப் போ" என்று நான் கத்தியிருந்தேன். சொன்னேன், செத்துவிட்டான். ஐந்து வயதுக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். கோபம் வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்வேன். தவறி எதையாவது சொல்லி, அப்பா தறியடியிலேயே விழுந்துவிட்டால்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். வீட்டில் நான் கொஞ்சம் சிணுங்கினால் போதும், அத்தை தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். விருந்தாளிகள் முன்னாலும் காட்டுவாள். அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் வகுப்பு படிக்கையில், பாலைக் கொட்டிவிட்டேன் என்று அத்தை கரண்டியைக் காய்ச்சிக் கையில் சூடு வைத்தாள். கொல்லைப்புறம் போய் நின்று சொன்னேன்: "அத்தை செத்துப் போகட்டும்." அன்று சாயங்காலம் அவள் இருமினாள். ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் கறிக்குழம்பை ஊற்றி இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். விடாமல் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குச் சதைதான் போட்டது.

ஒருவேளை என் வாய் சின்னஞ்சிறுசுகளிடம் மட்டும்தான் பலிக்குமோ? பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி எனக்கு உயிர். அதைக் கட்டிப்பிடித்து, அழுதுகொண்டே அதன் காதில் அதே வார்த்தையைச் சொன்னேன். அது துள்ளிக்கொண்டு ஓடியது, வளர்ந்தது. கோயில் கொடை விழாவுக்கு அதை வெட்டியபோது நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அது கத்தி பட்டுத்தான் செத்தது. அப்படியென்றால் தம்பி?

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அவனுக்குப் பொறக்கையிலேயே நெஞ்சுல ஓட்டை. தங்க மாட்டான்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாவ."

"அத்தைக்குத் தெரியுமா?"

"கூட வந்ததே அவதான."

"பொறவு ஏன் என்னையச் சொன்னா?"

அம்மா முறத்திலிருந்து கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "அதுக்கப்புறம் நீ அடம் பிடிக்கலையே. எனக்கும் அது தோதா இருந்துச்சு" என்றாள்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. போக்கிடமில்லாத அத்தை என் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறாள். என் மகளுக்கு நாலு வயது. போன வாரம் புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், "நிலா என்னையப் பாக்கத்தாம்மா பின்னாலயே வருது" என்றாள். நான் மறுக்கவில்லை. நிலா வருவதும் மழை பெய்வதும் வீட்டில் யாராவது சாவதும் தன்னால்தான் என்று நம்புகிற வயது அது. எந்தப் படிப்பும் இல்லாமலே அத்தைக்கு அது தெரிந்திருந்தது.

நிலாக் கதையை மகள் அத்தையிடமும் மூச்சுவிடாமல் சொன்னாள். தனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த என்னிடம் அத்தை முகத்தைச் சுளித்தாள்.

"என்ன வாயிட்டி இந்தப் பிள்ளைக்கு! நீ சின்னதுல எப்படி இருந்தே! வாயத் தொறக்கவே மாட்டே. ஒன்ன மாதிரி தங்கமான பிள்ளைய நான் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.